கிஹிம் கடற்கரையில் ஒரு மழைக்காலம்: சாலிம் அலி, தெஹ்மினா தம்பதியர்

பள்ளி விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் பிள்ளைகள் முதலில் கேட்பது கடற்கரையைத்தான். நாமும் சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ பார்த்து இரண்டு நாள் தங்கி, மீன் சாப்பிட்டு, அலையில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். திங்கட்கிழமை கடையோ ஆபீஸோ காத்திருக்கிறது. திரும்பிப் போக அப்படி ஒரு வேலையே இல்லை என்றால் அந்தக் கடற்கரை நமக்கு எப்படித் தெரியும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

1930ஆம் ஆண்டில் ஒரு முஸ்லிம் தம்பதியர் பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில், அலிபாக் பக்கம் இருக்கும் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மனைவி வழியில் அங்கே தங்குவதற்கு ஒரு வீடு இருந்தது. கணவருக்கு வயது 33. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பர்மாவில் செய்த குடும்பத் தொழில் நொடித்துப் போயிருந்தது. பிறகு கிடைத்த அருங்காட்சியக வேலையும் கை நழுவிவிட்டது. பம்பாயில் இருந்து வாடகையும் செலவும் கொடுத்துச் சமாளிக்க முடியாது என்பதால்தான் கடற்கரை வீட்டுக்கு வந்தார்கள். விடுமுறை என்று இதைச் சொல்வதானால், வேறு வழியில்லாமல் வந்த விடுமுறை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கணவர்தான் சாலிம் அலி. மனைவி பெயர் தெஹ்மினா.

சாலிம் அலி என்றால் பறவை மனிதர், பத்ம விபூஷண் பெற்றவர், பாடப்புத்தகத்தில் தாடியும் பைனாகுலருமாக இருக்கும் ஒரு முதியவர் என்ற அளவில் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருடைய துணைவியாரின் பெயர் நம்மில் அநேகருக்குத் தெரியாது. அந்த ஒரு மழைக்காலத்தையும் அந்தப் பெண்மணியையும் எடுத்துவிட்டால் இந்த வாழ்க்கை வரலாறு எங்கே போய் நின்றிருக்குமோ என்ற எண்ணம் நமக்கு உண்டு. ஆகவே இருவரையும் சேர்த்தே எழுதுகிறோம்.

சாலிம் அலி 1896 நவம்பர் 12ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை மொய்ஸுத்தீன், தாய் ஜீனத்துன்னிஸா. வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. சுலைமானி போஹ்ரா ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பம். ஒரு வயதில் தந்தையும் மூன்று வயதில் தாயும் மவ்த்தாகிவிட்டார்கள். யதீமாகிவிட்ட பிள்ளைகளைத் தாய்மாமா அமீருத்தீன் தய்யிப்ஜியும், பிள்ளைப்பேறு இல்லாத மாமி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள்.

தய்யிப்ஜி குடும்பம் என்றால் சாதாரணக் குடும்பம் அல்ல. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தய்யிப்ஜி இந்தக் குடும்பத்தவர்தான். இன்னொரு மாமாவான அப்பாஸ் தய்யிப்ஜி, 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைதான பின் தலைமையேற்கப் புறப்பட்டு, முதிய வயதில் தானும் கைதானவர். இந்தக் குடும்பத்தாருக்கு இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. வீட்டுச் செய்திகளை, யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று ‘அக்பார்’ என்ற பெயரில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைப்பார்கள். பார்த்ததை உடனே எழுதி வைக்கும் பழக்கம் சாலிம் அலிக்கு ரத்தத்தோடு வந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

சிறுவன் சாலிமுக்குக் கிடைத்த பொம்மைத் துப்பாக்கியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சிட்டுக்குருவிகளை அதனால் சுடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை போல ஒரு திட்டு இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் குருவி அல்ல. இதைச் சாப்பிடலாமா, கூடாதா என்று சந்தேகம் வந்துவிட்டது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அமீருத்தீன் மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லி அனுப்பாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரரிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். நம்மைக் கேட்டால், இந்தக் கதையில் பாராட்ட வேண்டியவர்களில் முதல் ஆள் அந்த மாமாதான்.

மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனம் சொன்னதோடு விட்டுவிடவில்லை. அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் வித்தையையும் கற்றுக்கொள்ள வைத்தார். தன் வாழ்க்கை அங்கே திரும்பியது என்று சாலிம் அலி பிற்காலத்தில் கருதினார். 1985இல் வெளியான தன் சுயசரிதைக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பை வைத்ததும் அதனால்தான்.

ஆனால் வாழ்க்கை திரும்பிய உடனே வழி தெரிந்துவிடவில்லை. படிப்பு ஏறவில்லை. 1913இல் தட்டுத்தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் கணக்குப் பாடம் மிரட்டியது. முதல் வருடத்திலேயே விட்டுவிட்டு 1914இல் பர்மாவின் தவாய்க்குப் போனார். அங்கே குடும்பத்தாருக்கு வுல்ஃப்ரம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. தவாயும் கடலோரம்தான், சுற்றிலும் காடு. சுரங்கக் கணக்கைப் பார்த்த நேரத்தைவிடக் காட்டுப் பறவைகளைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று தெரிகிறது. நம் ஊர்களிலிருந்தும் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் பர்மாவுக்குப் போய்ப் பொருள் தேடியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த இடம் கொஞ்சம் சிரிப்பைத் தரலாம்.

1917இல் ஊர் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். அதோடு செயின்ட் சேவியர் கல்லூரியில் பிளாட்டர் பாதிரியாரின் ஊக்கத்தால் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் தூரத்து உறவுப் பெண்ணான தெஹ்மினாவுடன் நிக்காஹ் நடந்தது. தெஹ்மினா ஓரளவு இங்கிலாந்தில் படித்து வளர்ந்தவர். ஆங்கில இலக்கியமும் உர்தூக் கவிதையும் அவருக்குப் பிடித்தவை. காடு மேடு அலைகிற கணவருக்கு இப்படி ஒரு மனைவி சரிப்படுமா என்று அன்று யாராவது கவலைப்பட்டிருந்தால் அதில் தவறில்லை.

பர்மாத் தொழில் படுத்துவிட்டது. பம்பாய்க்கே வந்து வேலை தேடினார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி ஒன்று இருந்தது. பட்டம் இல்லை என்பதால் அது கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில், புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் பணி கிடைத்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம்தான். இரண்டு வருடம் பார்த்தார். பாடம் செய்த பறவைகளைக் காட்டி ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் அலுப்புத் தட்டிவிட்டது. 1928இல் விடுப்பு வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸமான் என்ற பேராசிரியரிடம் பயின்றார். கடைசி வரையில் தன் உஸ்தாதாக அவரைத்தான் சாலிம் அலி மதித்தார். செத்த பறவையின் தோலை அளப்பது மட்டும் பறவையியல் ஆகாது, உயிரோடு இருக்கும் பறவை எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம் என்ற புதிய போக்கை அங்கேதான் கற்றார்.

பயிற்சி முடித்து 1930இல் திரும்பி வந்தபோது அவருடைய பதவியே இல்லை. பணம் இல்லை என்று அந்தப் பணியிடத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். உலகத் தரமான பயிற்சி கையில் இருக்கிறது, அதைக் கொண்டு செய்ய வேலை இல்லை. அப்படித்தான் இருவரும் கிஹிமுக்கு வந்தார்கள்.

கொங்கண் கரையைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியும். நீண்ட மணற்கரை, அதை ஒட்டித் தென்னையும் பாக்கும் நிறைந்த தோப்புகள், தோப்புக்குப் பின்னால் நெல் வயல்கள். கடலுக்குள் கந்தேரி, உந்தேரி என்ற இரண்டு தீவுக் கோட்டைகள் கண்ணுக்குத் தெரியும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கடல் கலங்கிப் போகும். படகுப் போக்குவரத்து குறையும். விடுமுறைக்கு வருகிற பம்பாய்க்காரர்கள் யாரும் அந்த மாதங்களில் அங்கே இருக்க மாட்டார்கள். சிறகு விரித்து மீன் தேடும் செம்பருந்துகளும், வயலில் நிற்கும் கொக்குகளும், கூரையில் விடாமல் தட்டும் மழையும்தான் துணை.

அந்த மழைதான் அவருக்கு வேலை கொடுத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின.

தூக்கணாங்குருவிக் கூடு நமக்குப் புதிதல்ல. பனை ஓலை நுனியில், கிணற்றுக்கு மேல் சாய்ந்த மரக்கிளையில், சுரைக்காயைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். காய்ந்த கூட்டைக் கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில் மாட்டி வைத்த பெரியவர்களும் உண்டு. கூட்டுக்குள் ஈர மண்ணை ஒட்டி அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றும் என்றுகூட நம் பாட்டிமார் சொல்வார்கள். மண் ஒட்டுவது உண்மை. மின்மினி விளக்கு நல்ல கதை, அவ்வளவே. ஆனால் அந்தக் கூட்டைக் கட்டுவது யார், அதில் குடும்பம் எப்படி நடக்கிறது என்பதை அதுவரை எவரும் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதவில்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சேர்ந்து கட்டுகின்றன என்றும், பாதியில் நிற்கும் கூடுகள் ஆண் பறவை ஒதுங்கி இருக்கக் கட்டியவை என்றும் புத்தகங்களில் எழுதி வந்தார்கள்.

சாலிம் அலி மறைவாக உட்கார்ந்து நாள்தோறும் மணிக்கணக்கில் பார்த்தார். ஒரு கூடு, இரண்டு கூடு அல்ல. மழைக்காலம் முழுவதும் அந்தக் குடியிருப்பையே பார்த்தார். எந்தக் கூட்டில் எந்த நாளில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது.

கூடு கட்டுவது ஆண் பறவை மட்டுமே. நெல் தாளிலோ நீளமான புல்லிலோ அடியில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நாரைக் கவ்விக்கொண்டு மேலே பறக்கும். பறக்கும் வேகத்தில் நார் கிழிந்து வந்துவிடும். இப்படி ஒரு கூட்டுக்கு 500 தடவை வரைக்கும் போய் வருவதுண்டு. கூடு பாதி முடிந்து, தொப்பியைக் கவிழ்த்தாற்போல ஒரு நிலைக்கு வரும்போது ஆண் வேலையை நிறுத்திவிடும். சிறகடித்துச் சத்தம் போட்டு அழைக்கும். பெண் பறவைகள் கூட்டமாக வந்து ஒவ்வொரு கூடாக உள்ளே புகுந்து பார்க்கும்; இழுத்துப் பார்க்கும்; இடம் உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்கும். பிடிக்கவில்லை என்றால் போய்விடும். அந்தக் கூடு பாதியிலேயே கிடக்க வேண்டியதுதான். நம் கிணற்றோரத்து அரைகுறைக் கூடுகள் அப்படி நிராகரிக்கப்பட்ட வீடுகளே.

பிடித்துவிட்டால் பெண் அந்தக் கூட்டில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆண், முட்டை அறையை மூடி, நுழைவுக் குழாயைக் கீழ்நோக்கி இறக்கி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கும். அதற்கு இன்னொரு பெண் வரும். இப்படி ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில குடும்பங்கள். அடைகாப்பது முழுக்கப் பெண்ணின் பொறுப்பு. இந்த வரிசையான பலதார வாழ்க்கையைக் கண்டு சொன்னதுதான் சாலிம் அலியின் கண்டுபிடிப்பு. 1931இல் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அது வெளியானது. அதற்குப் பிறகு பட்டம் இல்லாத இந்த மனிதரைப் பறவையியல் உலகம் பெயர் சொல்லி அறிந்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று தெஹ்மினாவைப் பார்க்க வேண்டும். 33 வயது ஆண்மகன் சம்பாதிக்காமல், கடற்கரை வீட்டில் இருந்துகொண்டு, காலை முதல் மாலை வரை குருவிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது நம் வீட்டில் நடந்தால் என்ன பேச்சு கிளம்பும்? மாமனார் வீட்டில் என்ன சொல்வார்கள்? ஜமாஅத்தில் என்ன கேட்பார்கள்? சென்னைக்கோ சவூதிக்கோ போய் ஒரு வேலையைத் தேடாமல் இருக்கிறாரே என்று நாமே சொல்லியிருப்போம். ஒருவேளை அப்படிச் சொல்வது நியாயமாகவும் இருந்திருக்கும். எல்லா வேலையற்றவர்களும் சாலிம் அலி ஆகிவிடுவதில்லை. தெஹ்மினாவுக்கும் அப்போது அந்த முடிவு தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலேதான் உடன் நின்றார். எளிய வாழ்க்கையை ஏற்றுக்கொண்டார். கணவர் எழுதிய ஆங்கிலம் மெருகேறியதில் அவருக்குப் பங்கு உண்டு. சாலிம் அலியின் நூல்களைப் படிப்பவர்கள் அந்த நடையின் தெளிவைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டில் ஒரு பகுதி தெஹ்மினாவுக்குச் சேர வேண்டியது.

குருவி ஆய்வுக்குப் பெயர் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. அப்போது சாலிம் அலி ஒரு வழி கண்டுபிடித்தார். சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்ற ஒழுங்கான பதிவு பல இடங்களில் கிடையாது. பயணச் செலவையும் முகாம் செலவையும் சமஸ்தானம் ஏற்றுக்கொண்டால் ஆய்வைத் தான் ஊதியம் இல்லாமலே செய்து தருவதாக முன்வந்தார். முதலில் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம் சம்மதித்தது. 1931-32இல் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் அந்தப் பெரிய சமஸ்தானத்தைச் சுற்றினார்கள். சுற்றினார்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், தெஹ்மினா வீட்டில் இருந்துவிடவில்லை. கூடாரத்திலும் பயணியர் விடுதியிலும் தங்கி, முகாமின் சமையல், சாமான், ஆட்கள் அத்தனையையும் அவர் பார்த்துக்கொண்டார். இங்கிலாந்தில் வளர்ந்த பெண் இந்த வாழ்க்கையை மனமார விரும்பினார் என்பதுதான் வியப்பு.

1933இல் தம்பதியர் நம் பக்கம் வந்தார்கள். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவை ஆய்வு. மறையூரில் தொடங்கி, மூணாறு, தட்டேக்காடு, பீர்மேடு, குமுளி என்று மலைமேல் அலைந்து தெற்கே இறங்கினார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. முத்துக்குழி, பாலமோர், ஆரல்வாய்மொழி, கடைசியில் கன்னியாகுமரிக் கடல்முனை வரை அவர்களின் முகாம்கள் அமைந்தன. கோட்டாறு, தக்கலை, தேங்காய்ப்பட்டணம் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பறவைகளை முறையாகப் பதிவு செய்த அந்த ஆய்வில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வந்திருக்கிறார்கள். பெரியாற்றங்கரையில் இருக்கும் தட்டேக்காட்டின் பறவைச் செழிப்பைக் கண்டு சாலிம் அலி அசந்துபோனார். 50 ஆண்டுகள் கழித்து, 1983இல், அந்த இடம் பறவைகள் சரணாலயமானது. அதற்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகளில் பறவைகளைச் சுட்டுத்தான் சேகரித்தார்கள். அந்தக் காலத்தில் இனத்தை உறுதிப்படுத்த வேறு வழி இருக்கவில்லை. சாலிம் அலி இளமையில் வேட்டைப் பிரியராகவும் இருந்தவர். கொல்லாமல் பாதுகாக்கும் பக்கம் அவர் முழுமையாக வந்து சேர்ந்தது காலப்போக்கில்தான். அதுபோலவே மார்க்க அனுஷ்டானங்களில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை. சிறு வயதில் பொருள் தெரியாமல் குர்ஆன் ஓத வைக்கப்பட்டதையும், சில பெரியவர்களின் வெளிவேஷத்தையும் அவர் கசப்போடு எழுதியிருக்கிறார். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் முறையைப் பற்றி நாம் யோசிக்க அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

1939இல் தெஹ்மினாவுக்கு ஒரு சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. சிறிது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதன் பின் அவர் தேறவில்லை, வஃபாத்தானார். 20 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான மணவாழ்க்கை. குழந்தைகள் இல்லை. 42 வயதில் சாலிம் அலி தனியாளானார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. பம்பாயில் சகோதரி கமூவும் அவர் கணவரும் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். யதீமாக ஒரு மாமா வீட்டில் வளர்ந்தவர், மீதி வாழ்நாளைச் சகோதரி வீட்டில் கழித்தார். சொந்தபந்தம் என்பது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே.

துக்கத்தை அவர் வேலையில் கரைத்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வந்தது. பறவையைப் பார்க்கப் பிரியப்படும் எந்தச் சாதாரண மனிதனும் படத்தைப் பார்த்து இனம் காண அது வழி செய்தது. அடுத்து மீண்டும் ஒரு கடலோரம்: குஜராத்தின் கட்ச். அங்கே ரண் உப்புவெளியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் சேற்றுக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடத்தை 1945இல் நேரில் கண்டு பதிவு செய்தார். டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞருடன் சேர்ந்து எழுதிய பெரிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. 1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண். அதே 1976இல் கிடைத்த ஜே. பால் கெட்டி விருதுப் பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புக்கான நிதிக்குக் கொடுத்தார். 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1987 ஜூன் 20ஆம் தேதி, 90ஆம் வயதில் பம்பாயில் காலமானார். பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவர் பெயரில் 1990 முதல் கோயம்புத்தூரில் பறவையியலுக்கென ஒரு தேசிய ஆய்வு மையம் இயங்கி வருகிறது.

நம் கடற்கரையில் அவர் விட்டுப்போன தடம் கோடியக்கரையில் இருக்கிறது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, சதுப்பும் உப்பளமும் காடும் கலந்த அந்த முனைக்குக் குளிர்காலத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்தெல்லாம் உள்ளான்கள் வந்து இறங்குகின்றன. பூநாரைகளும் வருகின்றன. அந்த இடத்தின் அருமையை 1960களிலேயே சாலிம் அலி எடுத்துச் சொன்னார். 1967இல் அது சரணாலயமானது. இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் அங்கே முகாமிட்டு, வலையில் பிடித்த பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பதில் பாதி விவரம் அப்படித்தான் தெரியவந்தது.

நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கோடியக்கரை ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரம். நவம்பர் முதல் ஜனவரி வரை பறவைகள் அதிகம் இருக்கும். அதிகாலையில் போவது நல்லது. சத்தம் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கணாங்குருவியைப் பார்க்க அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மழை தொடங்கியதும் வயலோரத்துப் பனையைப் பாருங்கள். தொப்பி போல பாதியில் நிற்கும் கூடு இருந்தால், அதைப் பார்க்கப் பெண் பறவை இன்னும் வரவில்லை, அல்லது வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டது.